மயிலத்தில் எனக்கு வந்த சாமி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருக்கும், நடுவில் மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு என் மகன்தான் காரணம். அவனுக்கு அறுபது வயதாகப் போகிறது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் பாட்டிக்கு இருந்த கோளாறு அவனுக்கும் வரலாமாம். இவனோ "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றே பொங்கலையும் தாண்டிவிட்டான்.

"மயிலத்துக் கதைய எழுதிக் குடுங்க அத்தே. நீங்க வாயால சொன்னா எழுந்து போயிடறாரு" என்றாள் மருமகள்.

எழுதுகிறேன். மானம் போனால் போகட்டும். (அது மயிலத்திலேயே போய்விட்டது.)

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்துப் பெண்ணான நான் கல்யாணமாகித் திண்டிவனம் வந்த புதிது. வெளிக்குப் போகும்போது ரத்தம் போக ஆரம்பித்தது. தலைவலி என்றால் தெருவுக்கே சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது? புருஷனிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை. செத்தாலும் சாவேனே தவிர சொல்ல மாட்டேன் என்று இருந்தேன். அப்படி ஒரு வீராங்கனை.

அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது பயம் தாங்காமல் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன்.

"குழாய் வச்சு உள்ள பாக்கணும்மா. வர்ற வியாழக்கிழமை வா. முந்தின ராத்திரியே விளக்கெண்ணெய் குடிச்சு வயித்தச் சுத்தம் பண்ணிடு. வெறும் வயித்தோட வரணும்" என்றார்.

குழாய் என்றதும் எங்கள் தெருமுனைத் தண்ணீர்க் குழாய்தான் கண்ணில் நின்றது. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

திண்டிவனம் திரும்பிய பிறகுதான் யோசித்தேன், மறுபடி விழுப்புரம் எப்படிப் போவது? இப்போதுதானே போய் வந்தாய் என்று மாமியார் கேட்பார். அதனால் ஒரு திட்டம் போட்டேன். மயிலத்து முருகனுக்கு ஒரு வேண்டுதல், முடித்துவிட்டு அப்படியே அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றேன்.

"இன்னா வேண்டுதல்?" என்றார் மாமியார்.

அதை நான் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க புள்ளைக்கு மொட்டை."

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிற வேலை. உடம்பெல்லாம் தூசி படிந்தாலும் தலை மட்டும் படியாது, அப்படி ஒரு சுருட்டை முடி. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சீப்பை எடுத்துக் கடைசியாக வாருகிற மாதிரி வாரிக்கொண்டு, "சாமி காரியம். ஆவட்டும்" என்றார்.

மாமியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எம் புள்ளைக்காக வேண்டிக்கினியா? நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். அவர் வருவது என் திட்டத்திலேயே இல்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ராத்திரி குடித்தால் அடிக்கடி எழுந்து போவதை மாமியார் பார்த்துவிடுவாரே என்று, விளக்கெண்ணெயை விடியற்காலையில் குடித்தேன். விழுப்புரம் போகிறவரை தாங்கும் என்று நானே கணக்குப் போட்டேன். (ஐந்தாம் வகுப்பில் கணக்கில் நான் கொஞ்சம் சுமார்.)

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வயிறு பேச ஆரம்பித்தது. மயிலம் மலையடிவாரத்தில் அவர் மொட்டைக்கு உட்கார்ந்தார். பாதித் தலை முடிந்திருக்கும். எனக்கு முடியவில்லை. தூரத்துப் பனந்தோப்பைப் பார்த்து ஓடினேன். காலையில் தலை முழுகிய ஈரக் கூந்தல் அவிழ்ந்து தொங்குகிறது. உடம்பு நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு "உஸ் உஸ்" என்று ஓடுகிறேன்.

"அய்யய்யோ, சாமி வந்திரிச்சு! புடிங்க, புடிங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

பிடித்துவிட்டார்கள். அதுவும் சும்மா இல்லை, இடுப்பைச் சேர்த்து. ஒருத்தி நெற்றியில் விபூதியை அப்பினாள். பாதி மொட்டையும் பாதிச் சுருட்டையுமாக அவர் ஓடி வந்து நின்றார்.

"வுடுங்க! நான் போவணும்!" என்று கத்தினேன்.

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க போவணும் முருகா? சொல்லிட்டுப் போ!"

"ஆஸ்பத்திரிக்கு! வயித்துல கோளாறுன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்! இப்ப வழிய வுடுங்க!"

மாமியார் கும்பிட்ட கையை இறக்கினார். பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். கூட்டம் விலகியது. நான் ஓடிய ஓட்டத்தை முருகனின் மயில்கூடப் பிடித்திருக்காது.

திரும்பி வந்தால் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெரியவர் காலில் விழுந்து, "எம் மாடு காணோம் தாயீ" என்றார். "பனந்தோப்புல ஒரு செவலை மேஞ்சுக்கினு இருக்குது" என்றேன். என் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அது அவருடைய மாடேதான். கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

ஆனால் மாமியார் மட்டும் தனியாக ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"எனக்குத்தாம்மா சொன்னாரு முருகன்" என்றார் மெதுவாக. "மாசக்கணக்கா ரத்தமாப் போவுது. ஆருகிட்ட சொல்றது? சாமிக்குத் தெரிஞ்சிருக்குது பாரேன்."

ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், இரண்டு பேரும் ஒன்றையே மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்! சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை அத்தே, விளக்கெண்ணெய்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வர மாட்டார். மூடிக்கொண்டேன்.

"விழுப்புரத்துல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க அத்தே."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"அதையும் சாமிதான் சொல்லிச்சு."

மீதி மொட்டையையும் முடித்து, சந்தனம் பூசி, மூன்று பேரும் விழுப்புரம் போனோம். உள்ளே நுழைந்ததும் அந்த டாக்டர் என்னைப் பார்த்து, "வந்துட்டியாம்மா? விளக்கெண்ணெய் குடிச்சியா?" என்றார்.

செத்தேன் என்று நினைத்தேன்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "டாக்டருக்கும் சொல்லி வச்சிருக்காரு பாரு!"

முதலில் என்னைப் பார்க்கட்டும், வலிக்கிறதா என்று வந்து சொல்கிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். தெருக்குழாய் மாதிரி எல்லாம் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு வெறும் மூலம். அத்தைக்கு வேறு ஒரு நாள் வரச்சொல்லிப் பார்த்தார்கள். உள்ளே காளான் மாதிரி ஒரு கட்டி வளர்ந்திருந்தது. பாண்டிச்சேரியில் எடுத்தார்கள். விட்டிருந்தால் புற்றாகியிருக்கும் என்றார்களாம். அதன் பிறகு அத்தை நெடுநாள் இருந்தார், என் மகன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். கடைசிவரை முருகன்தான் சொன்னார் என்று நம்பினார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் இப்போது சந்தேகமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் மட்டும் அன்று ராத்திரியே உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டே, "ஏண்டி, வயிறு உன்னுது. தலை என்னுதா?" என்றார். மறுபடி முளைத்த முடியில் அந்தச் சுருட்டை வரவே இல்லை. சீப்பு மட்டும் பையிலேயே இருந்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் ஆண்களெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு, "யார் தலை?" என்று கேட்பார்கள்.

இதில் பாதி எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். மகன் எடுத்துப் படித்திருக்கிறான் போலிருக்கிறது. நேற்று மருமகளிடம், "இப்பவும் விளக்கெண்ணெய்தானா, வேற மருந்து இருக்குதா?" என்று கேட்டானாம். கேட்டுவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டானாம். அவனுக்கு அங்கே தடவ ஒன்றும் கிடையாது.

கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலத்துக்கு நடந்தோமா, வண்டியில் போனோமா என்பது நினைவில்லை. பனந்தோப்பு எந்தப் பக்கம் என்பதும் குழப்பமாக இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவருடைய சுருட்டை முடியை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.