திருமழபாடிக்கு முதலில் வந்தவன்

அரியலூர்,
திங்கட்கிழமை காலை.

அன்பு மைத்துனன் ராஜவேலுக்கு,

மாமா வைத்திலிங்கத்தின் ஆசிகள். இங்கே உன் அக்காள் உண்ணாமலை சுகம், என் முழங்கால் இரண்டும் சுகமில்லை, கோயம்புத்தூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றபோது நீ ஆசையாக வாங்கித் தந்த சைக்கிளை இந்த வாரமே பார்சல் லாரியில் எடுத்துக்கொண்டு போய்விடவும்.

எங்கள் சைக்கிள் கிளப்பில் ஒரே ஒரு விதிதான்: யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஆறு மாதமாக அந்த விதி எனக்காக மட்டுமே நடக்கிறது. பதினோரு பேரும் ஏதாவது புளியமரத்தடியில் காலை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேருவேன், சேர்ந்ததும் "போலாமா சார்?" என்று கிளம்பிவிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் டிரில் மாஸ்டராக ஊரையே ஓடவிட்டவனுக்கு இது எவ்வளவு வெட்கம், யோசித்துப் பார். நேற்று திருமழபாடி வரை பயிற்சி. கிளப் தலைவி லாவண்யா முந்தின நாளே, "மழை வரும்ங்கிறாங்க சார், நீங்க மட்டும் முக்கால் மணி நேரம் முன்னாடி கிளம்பிடுங்களேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. இந்த ஒரு தடவையாவது யாரும் எனக்காக நிற்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கே கிளம்பினேன்.

பாலம் வேலைக்காக ஓரிடத்தில் ரோட்டை மறித்துக் கரிசல் காட்டு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள், அதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனதும் பிடித்தது பார் மழை, எதிர்க்காற்று வேறு, கண்ணாடியைப் போட்டாலும் ரோடு தெரியவில்லை கழற்றினாலும் தெரியவில்லை, சிமெண்ட் லாரி ஒன்று என்னைத் தலையோடு குளிப்பாட்டிவிட்டுப் போனது, ஆனாலும் மிதித்தேன், பின்னால் யாரும் வரவில்லை, கோயில் கோபுரமே தெரிந்துவிட்டது, அப்போதும் யாரும் வரவில்லை. நான்தான் முதல்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது ராஜவேலு. இரண்டு டீயும் நாலு வடையும் சாப்பிட்டுவிட்டு, கடைக்காரரிடம், "பின்னால பதினோரு பேரு வராங்க, சின்னப் பசங்க, மெதுவாத்தான் வருவாங்க" என்று வேறு சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து, சைக்கிளோடு போட்டோ எடுக்கலாமென்று, நனையாமலிருக்க மூன்று பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு சைக்கிள் பையின் அடியில் வைத்திருந்த போனைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். இருபத்தாறு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. நான் போனை எடுக்கவில்லை என்றதும், எங்கேயோ விழுந்துகிடக்கிறேன் என்று முடிவுகட்டி, பதினோரு பேரும் அந்தக் கரிசல் காட்டில் இறங்கித் தேடியிருக்கிறார்கள். நான் காய்ந்த மண்ணில் தாண்டினேன், அவர்கள் ஈர மண்ணில் மாட்டிக்கொண்டார்கள், சக்கரமெல்லாம் களி அடைத்து ஒரு சைக்கிளும் உருளவில்லை.

பூமாலை என்பவரின் டிராக்டரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான் ஒத்திகை பார்த்தேன், ஆனால் பாழும் வாய், "நாந்தான் முதல்ல வந்தேன்" என்றது. முகம் முழுக்கச் சேறாக நின்ற லாவண்யா, "வாய்க்கால்லல்லாம் இறங்கித் தேடினோம் சார்" என்று அழுதுகொண்டே சிரித்தாள். சைக்கிள்களோடு எல்லாரும் டிரெயிலரில் ஏறி ஊர் வந்தோம். விஷயத்தைக் கேட்ட உன் அக்காள், "பின்னாடி போனாலும் காக்க வைக்கிறீங்க, முன்னாடி போனாலும் காக்க வைக்கிறீங்க. பேசாம வூட்லயே கெடங்க" என்றாள். கிளப்பிலிருந்து விலகிவிட்டேன்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, என்னைப்போல் அவசரப்படாமல் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
வைத்திலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் லாவண்யா வந்தாள். கிளப்பில் புதிதாக ஒரு பொறுப்பு வைத்திருக்கிறார்களாம், எல்லாருக்கும் கடைசியில் வந்து, பஞ்சர் ஆனவர்களையும் முடியாதவர்களையும் விடாமல் கூட்டி வர வேண்டுமாம். "நாங்க எல்லாரும் ஓட்டிப் பார்த்துட்டோம் சார், யாராலயும் அவ்ளோ மெதுவா வர முடியல" என்றாள். லாரி வேண்டாம். நல்ல விசில் ஒன்று வாங்கி உடனே அனுப்பவும்.