கஞ்சன்ஜங்கா ஒன்று, நல்ல நிலையில்

இமயமலையை மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் தரையிலிருந்து பத்தடி ஏறினாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஒரு மனிதர், கொல்கத்தா கிடர்பூரில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அதை அறிந்து வைத்திருந்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

அவர் லோடிங் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆபீஸில் இருந்த வங்காளிகளுக்கு அவர் லோடிங்-தா, அதாவது லோடிங் அண்ணன். நாங்கள் வேலை பார்த்த சரக்குக் கம்பெனியில், கப்பலின் வயிற்றுக்குள் எந்தச் சரக்கு எங்கே உட்கார வேண்டும் என்று தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். இதுதான் அவர் வேதம். அவருடைய டிபன் கேரியரில்கூட மோர்சாதம் அடித்தட்டிலும் சாம்பார்சாதம் மேல்தட்டிலும்தான் இருக்கும். மாறியிருந்தால் சாப்பிட மாட்டார்.

சரக்கு போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து ஒரு ரசீது திரும்பி வரும். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்’ என்று கையெழுத்து இருக்கும். கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். ஏதாவது உடைந்திருந்தால், குறைந்திருந்தால் அதில் எழுதுவார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் அண்ணாச்சியின் ரசீது ஒன்றில்கூட அந்தக் கட்டத்தில் மை பட்டதில்லை. மற்றவர்கள் பையனின் அமெரிக்க வேலையைப் பற்றிப் பேசுகிற தோரணையில் அவர் அதைப் பற்றிப் பேசுவார். இத்தனைக்கும் அவர் ஒரு கப்பலிலும் கால் வைத்தவரில்லை. ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும்.

போன நவம்பருக்கு முன்னால் ஒரு நாள், எங்கள் யார்டு சூப்பர்வைசர் ஷுபோ கேன்டீனில் மேஜையைத் தட்டினான். மூன்று பிக்கப் வண்டி எடுத்துக்கொண்டு, கலிம்போங் தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்துக்கும் மேலே, கல்லும் சேறுமான பாதையில் ஏறி, உச்சியிலிருந்து கஞ்சன்ஜங்காவைப் பார்ப்பது. ஐந்து நாள் லீவு, எட்டுப் பேர். ஐந்து நிமிஷத்தில் திட்டம் முடிந்து, டீயும் முடிந்து எழுந்தோம்.

பின் மேஜையிலிருந்து அண்ணாச்சி கேட்டார். “வே, மூணு வண்டியிலயும் எது முதல்ல இறங்கும்?”

அந்த நிமிஷத்தோடு பயணம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ‘மலை பிளான் பைனல்’ வந்தது. சாயங்காலம் ‘பைனல் ரிவிஷன் 1’. நாங்கள் கிளம்பியது ரிவிஷன் பதினேழின்படி. கடைசியில் இறங்குவது என்ற கட்டத்துக்கு மேலே ஒன்பதாவதாக ஒரு பெயரும் சேர்ந்திருந்தது. கோமதி, அதாவது அண்ணாச்சியின் மனைவி.

நான் அவரைத் தனியாகப் பிடித்தேன். “அண்ணாச்சி, அக்காவுக்கு மூட்டு வலி. நாலு படி ஏறவே சுவரைப் பிடிக்கிறாங்க. அந்த ரோட்டுல எப்படி?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “கல்யாணமான புதுசுல அவள கஞ்சன்ஜங்கா காட்டுதேன்னு கூட்டிட்டுப் போனேன் வே. மூணாவது வளைவுல தலை சுத்திட்டு. இறங்கி ஒரு மைல்கல்லக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்துட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. வேற ஜீப்ப நிறுத்தி என்னக் கீழ கூட்டிட்டு வந்துட்டா. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல. டிசம்பர்ல நான் ரிடையர். அம்பாசமுத்திரம் போயிருவோம். அப்புறம் எங்க காட்ட?”

“அப்ப நீங்களும் வாங்க.”

“நான் வந்தா என்னத் தூக்கிட்டு வரவே ஒரு வண்டி வேணும். அது பிளான்ல இல்ல.”



அடுத்த கூத்து எடை. வண்டிகள் ஒரு பக்கம் சாயக்கூடாது, ஆகவே ஆளுக்கு ஆள் எடை தெரிய வேண்டும் என்றார் அண்ணாச்சி. வீட்டில் பார்த்த எடையை ஏற்க மாட்டார், அத்தாட்சி வேண்டும். எங்களை வரிசையாக லாரி எடைமேடைக்கு அழைத்துப் போனார். “தாதா, எட்டா லரிர் காட்டா, மானுஷேர் நா!” என்று அலறினார் எடைமேடை குமாஸ்தா. லாரிக்கான தராசில் மனுஷனை ஏற்றுகிறாயே என்று அந்த நல்ல மனிதருக்கு வேதனை. அண்ணாச்சி விடவில்லை. நடுமேடையில் ஒவ்வொருவராக நின்றோம். அந்த மெஷின் பத்துப் பத்துக் கிலோவாகத்தான், அதுவும் மேல்பக்கமாக முழுதாக்கித்தான் காட்டும். எண்பத்திரண்டு கிலோவான நான் தொண்ணூறு ஆனேன். திருத்தச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். “மெஷின் சொன்னா சொன்னதுதான் வே” என்று எழுதிக்கொண்டார். அரை இட்லிகூடக் கூடுதலாகச் சாப்பிடாமல் எட்டுக் கிலோ ஏறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாதை விவரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. மலையிலிருந்து இஞ்சியும் ஏலக்காயும் ஏற்றிக்கொண்டு இறங்கி வரும் டிரைவர்களைப் பிடித்து உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வளைவு வளைவாக விசாரிப்பார். எந்த ஓடையில் தண்ணீர் இடது பக்கம் ஆழம், எந்தத் திருப்பத்தில் டிரைவர் வீட்டை நினைத்துக்கொள்வான் என்று வரை கேட்பார். ஒரே வளைவை ஆறு டிரைவர்களிடம் கேட்டு, ஆறு பதிலும் ஒத்துப்போனால்தான் தாளில் ஏறும்.

ஒத்திகையும் நடந்தது. கொல்கத்தாவில் மலைக்கு எங்கே போவது? யார்டுக்குப் பின்னால், ஆற்றிலிருந்து வாரிக் கொட்டிய வண்டல் ஒரு மேடாகக் கிடந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதில் மூன்று பிக்கப்பும் ஏறி இறங்கின. சிக்கின, வழுக்கின. “லோடிங்-தா, ஆம்ரா ஜுத்தே ஜாச்சி நா!” என்று கத்தினான் ஷுபோ. நாம் போருக்குப் போகவில்லை என்று அவன் சொன்னதைக் கேட்க அண்ணாச்சிக்கு நேரமில்லை. சிவப்புக் கொடியோடு கீழேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை ஆர்வத்தில் மேட்டில் பாதி வரை ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொடியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டார். நானும் ஷுபோவும் இரண்டு தோளையும் பிடித்து இறக்கினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதர் வராமலிருப்பது சாக்கு இல்லை.

கிளம்புகிற காலையில் சாமான் ஏற்றினோம். ஒவ்வொரு வண்டியிலும் முதலில் ஏறியது இரண்டு கனத்த சாக்குகள், வாய் தைத்து.

“இது என்ன அண்ணாச்சி?”

“பாலாஸ்ட். கப்பல் ஆடாம இருக்க அடியில பாரம் போடுவோம்லா, அதான். பிக்கப்புக்குப் பின்பக்கம் லேசு, சேத்துல வழுக்கும். அதப் பிரிக்கக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏற்கெனவே வண்டி திணறப்போகிற மலைப்பாதை, இதில் மூட்டைக் கணக்கில் வெறும் பாரமா? உங்களுக்குக் கப்பலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் கயிற்றை இன்னொரு முடிச்சு இறுக்கினார், அவ்வளவுதான். பிறகு முதல் வண்டியின் முன் சீட்டில், நாலு தலையணைக்கு நடுவில் கோமதி அக்காவை உட்கார வைத்தார். கண்ணாடிக் கோப்பை படம் போட்ட, உடையும் சரக்குக்கான ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அந்தக் கதவில் ஒட்டினார்.

“இது என்ன கூத்து? ஊரே பாக்கும்” என்றாள் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“பாக்கட்டும்” என்றார் அண்ணாச்சி.

என் கையில் ஏழு உறைகள் கொடுத்தார். மேலே சிக்னல் இருக்காது, எழுதியிருக்கிற இடத்தில் எழுதியிருக்கிறதைத்தான் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு.

முதல் உறை தார் ரோடு முடிகிற இடத்தில். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கு என்று இருந்தது. இறக்கினோம், கல்லில் துள்ளிய வண்டிகள் அடங்கி நடந்தன. இரண்டாவது உறை, முதல் ஓடை தாண்டி. ‘நாராயணன் இப்போது வாந்தி எடுத்திருப்பார். இஞ்சி மிட்டாய் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது, அவருக்குத் தெரியாது.’ எங்கள் கேஷியர் நாராயணன் வாயைத் துடைத்துக்கொண்டு பையைத் தடவினார். இருந்தது! அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான் ஷுபோவைப் பார்த்தேன்.

மூன்றாவது, இரண்டாம் வண்டி சேற்றில் சிக்கிய இடத்தில். ‘பலகை இரண்டும் மேலேயே, இடது ஓரம். முதலில் இறங்குவது அதுதான்.’ நான்காவது, ஒரு பக்கம் அதலபாதாளமான திருப்பத்தில். ‘ஓட்டுகிறவர்களைத் தவிர எல்லோரும் இறங்கி நடங்கள். கோமதி இறங்க வேண்டாம். அவள் வண்டியை ஷுபோ முதல் கியரில் கொண்டுபோகட்டும். அவன் கை நடுங்காது, மேட்டில் பார்த்திருக்கிறேன்.’ அந்த வரியைப் படித்துக் காட்டியதும் ஷுபோ நிமிர்ந்து உட்கார்ந்தான். நடுங்காமல் ஓட்டினான். ஐந்தாவது உறையைப் பிரிப்பதற்குள் எனக்கு லேசாகப் பயமே வந்துவிட்டது. அதில், ‘இதற்குள் என்னைத் திட்டுவதை நிறுத்தியிருப்பீர். இடது பக்கம் பாரும், காட்டு ஏலக்காய்’ என்று இருந்தது. பார்த்தேன். காடாக நின்றது ஏலக்காய்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் உச்சியிலிருந்த மரவீட்டுக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், மூடுபனி. கஞ்சன்ஜங்கா இருக்கட்டும், பக்கத்தில் நின்ற நாராயணனே தெரியவில்லை. பத்து மணி வரை நின்றோம். கீழே இறங்கினால்தான் லீவு முடிவதற்குள் ஊர் போய்ச் சேர முடியும். கொண்டுவந்த சாமானும் அந்த ஒரு வேளைக்குத்தான் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, “பரவால்ல தம்பி, போவோம். அவுகளுக்குச் சொல்லிக்கிடுவேன், பாத்தேன்னு” என்றாள். இரண்டாம் முறையும் அந்த மனுஷி ஒன்றும் சொல்லாமல் இறங்கப் போகிறாள்.

ஆறாவது உறையின் மேல் எழுதியிருந்தது: ‘மலை தெரியாவிட்டால்.’

‘அவசரப்படாதீர். இங்கே டாக் வாசலில் எத்தனை கப்பல் ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்காகக் காத்து நிற்கிறது, பார்த்ததில்லையா? மலைக்காக இரண்டு நாள் காத்திருந்தால் என்ன? பாலாஸ்ட்டைப் பிரியும். எல்லோருக்கும் வெள்ளி வரை லீவு வாங்கியாகிவிட்டது. விண்ணப்பத்தில் கையெழுத்துகள் ஓரளவு உங்களுடையது போலவே இருக்கும். வீடுகளுக்கும் சொல்லிவிட்டேன்.’

சாக்கின் தையலை நானே அறுத்தேன். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, ஒன்பது பேருக்கும் மாற்றுக் கம்பளிச் சட்டை, அக்காவின் முழங்காலுக்குத் தைலம், ஒரு டின் முறுக்கு. கடைசியில் இறங்க வேண்டியது என்பதால் முதலில் ஏறியிருக்கிறது! முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் வண்டியிலிருந்தே இறக்கி வைத்திருப்போம் என்பதும் அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. மூட்டையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு, கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஷுபோ முறுக்கைக் கடித்துக்கொண்டு “தாருன்!” என்றான், பிரமாதமாம்.

திங்கட்கிழமையும் மூடுபனி. செவ்வாய்க்கிழமை விடியலில் நாராயணன்தான் முதலில் கத்தினார். ஓடினோம். அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேகத்தைத் தேடுகிற உயரத்துக்கும் மேலே, தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில், பொன்னும் ரோஜாவுமாக நின்றது. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ரொம்ப நேரம் உட்காரவே இல்லை. முழங்கால் வலியை மறந்திருந்தாள்.

ஏழாவது உறையில் எங்கள் ஆபீஸ் ரசீதுத் தாள் ஒன்று, அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. ‘சரக்கு: கஞ்சன்ஜங்கா, ஒன்று. பெறுபவர்: கோமதி. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ கையெழுத்துக்குக் கோடு.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். அதோடு விடவில்லை. கீழே ‘குறிப்பு’ என்ற கட்டத்தில், மலையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, நிதானமாக எழுதினாள்: ‘ஒரு ஆள் குறைவு.’

வியாழக்கிழமை கிடர்பூர் யார்டு வாசலில் அண்ணாச்சி நின்றிருந்தார். ரசீதை வாங்கிப் படித்தார். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் குறிப்பு. திருப்பித் திருப்பிப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “கயிறு எங்கயும் தளரலல்லா வே?” என்று கேட்டபடி வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். இல்லாத முடிச்சுகளை ரொம்ப நேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா இறங்காமல், ஸ்டிக்கர் ஒட்டிய கதவைத் திறந்து வைத்தபடி, அவர் வந்து கை கொடுக்கும் வரை காத்திருந்தாள்.

டிசம்பரில் அவர்கள் அம்பாசமுத்திரம் போய்விட்டார்கள். கேன்டீனில் யாரும் எது முதலில் இறங்கும் என்று கேட்பதில்லை. எங்கள் திட்டங்கள் மறுபடியும் ஐந்து நிமிஷத்தில் முடிகின்றன, எங்கேயும் போவதுமில்லை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. ‘பாபநாசம் மலை பிளான் பைனல் ரிவிஷன் 4.’ முதல் மூன்று ரிவிஷனிலும் மூன்றாவது வளைவோடு திரும்புவதாக இருந்ததாம், இதில் நாலாவது வளைவு வரை. குறையைச் சரி செய்யாமல் விடக்கூடாதல்லவா என்று கீழே எழுதியிருந்தார். ஆட்கள் மூன்று. ஒன்று கோமதி. ஒன்று அவர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கண்ணைத் திறந்தபடி’. மூன்றாவது நான், எடை தொண்ணூறு.

நான் எண்பத்திரண்டுதான். திருத்தச் சொல்ல மனசு வரவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன்.