வாசல் பார்க்க வந்த சம்பந்திக்கு

தாராவி,
திங்கட்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் மிக்க, எனக்குச் சம்பந்தியாகப் போகிற (அப்படித்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்) அணுசக்தி நகர் கணேசபாண்டியன் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, பிரம்மநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ஆறுமுகத்தாயும் மகள் ஸ்ரீதேவியும் பூரண நலம். இந்த நலத்தைத் தாங்கள் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாமல் நிஜமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். நேற்றிலிருந்து பதினான்கு தடவை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் என் செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் தாங்கள் பெண் பார்க்க வந்தபோது ஸ்ரீதேவியைப் பார்த்தது நான்கு நிமிடம். எங்கள் வாசலைப் பார்த்தது பதினைந்து நிமிடம். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் மாடி வீட்டு சைஃப் ஏறிப்போகிற இரும்பு ஏணி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடம், அதிலும் ஒரு தண்ணீர் டிரம். தாராவியில் வாசல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே தாங்கள் சொன்னீர்கள்: "பொண்ணுல ஒரு கொறையும் இல்ல. வாசல்தான் ஒரு மாதிரி இருக்கு. நிச்சயத்துக்கு எங்க குவார்ட்டர்ஸ்லேருந்து இருவது பேரு வருவாவ, சயின்டிஸ்ட்டெல்லாம் வருதாவ. கொஞ்சம் பாத்துக்கிடுங்க." எத்தனை பவுன் என்று கேட்பதற்கு முன்னால் வாசலைக் கேட்ட தங்கள் பெருந்தன்மையில் நான் கண் கலங்கிப் போனேன்.

ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று ஆறுமுகத்தாய் கறாராகச் சொல்லிவிட்டு, யோசனைக்குத் தன் போனில் ஒரு வீடியோவையும் காட்டினாள். அதில் ஒரு அம்மாள், "உங்கள் வாசல் உங்களைப் பற்றிப் பேச வேண்டும்" என்கிறார். அவர் நின்று பேசுகிற வாசலுக்குள் எங்கள் வீடு மூன்று அடங்கும். வெள்ளைச் சுவர், உட்கார ஒரு பெஞ்சு, திரைச்சீலை, ஒரு செடி, செருப்பு ஸ்டாண்டு, நல்ல வெளிச்சம், இவ்வளவுதானாம். நான் நேரே ஜெயினுலாப்தீன் பாயின் பழைய சாமான் கோடவுனுக்குப் போனேன். "அண்ணாச்சிக்குன்னே எடுத்து வச்ச மாதிரி ஒரு செட்டு நேத்துதான் வந்திருக்கு, மொத்தமா எடுத்தா சல்லிசு" என்றார். நீளமான வெள்ளைப் பெஞ்சு, பச்சைத் திரை, செருப்பு ஸ்டாண்டு, ரெட்டை டியூப்லைட், எல்லாம் ஒரே இடத்துச் சாமான். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. சல்லிசாக வருகிற பொருளிடம் ஊர் பேர் விசாரிக்கிற வழக்கம் எனக்கில்லை. கொசுறாக, "அமைதி காக்கவும்" என்று மராத்தியில் எழுதிய போர்டு ஒன்றும் கொடுத்தார். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எங்கள் சந்துக்கு அது அவசியம் என்று அதையும் மாட்டினேன். சாக்கடைமேல் கடப்பாக்கல் போட்டு, அதன்மேல் பெஞ்சைப் போட்டு, வெள்ளையடித்து, செடி வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் விளக்கைப் போட்டபோது எனக்கே என் வீட்டுக்குள் செருப்போடு போகக் கூச்சமாக இருந்தது.

நிச்சயத்தன்று, ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு பெண், இருமுகிற குழந்தையோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "ஏளா, நம்ம வாசல் பேச ஆரம்பிச்சிட்டு" என்று ஆறுமுகத்தாயிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்து ஒரு பெரியவர் வந்தார். கையில் சின்ன பாட்டில், அதில் இருந்தது தண்ணீரில்லை. "டாக்டர் கப் ஆயேகா?" என்று, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். அப்போதுதான் அண்ணாச்சி, அந்தச் சாமான் எந்த இடத்துச் சாமான் என்று எனக்கு விளங்கியது. மழைக்காலம், வீட்டுக்கு வீடு காய்ச்சல், புது கிளினிக் திறந்திருக்கிறது என்று சந்து முழுக்கப் பரவிவிட்டது. டாக்டர் யாரும் கிடையாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "எல்லா டாக்டரும் லேட்டாத்தான் வருவாங்க, பரவால்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். நிச்சயத்துக்காக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தேனா, என்னைக் கம்பவுண்டர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இது போதாதென்று ஆறுமுகத்தாய் மனசு கேட்காமல் அந்தக் குழந்தைக்குச் சுக்குக் கசாயம் கொடுத்தாள். குழந்தைக்கு இருமல் நின்றது. கூட்டம் முப்பதானது.

இந்த நிலையில்தான் பத்து மணிக்குத் தாங்கள் சஃபாரி சூட்டில், பின்னால் இருபது பேர் பழத்தட்டோடு வந்தீர்கள். "ஏய் சாப், நம்பர் சே ஆவோ!" என்று, வரிசைப்படி வரச்சொல்லி அந்தப் பெண் போட்ட சத்தத்தில் தாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டீர்கள். பாட்டில் பெரியவர் தங்களிடம், "ஆப்கோ பீ ஷுகர்?" என்று, உங்களுக்கும் சர்க்கரை வியாதியா என்று பரிவாகத்தான் கேட்டார். அதற்காகத் தாங்கள் துள்ளி எழுந்து, "சீக்காளி வீட்டுலயா சம்பந்தம் பேசினோம்? வாசலே சொல்லுதே!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்க வேண்டாம். "அமைதி காக்கவும்" போர்டு தங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உள்ளே நின்ற ஸ்ரீதேவி, ஜன்னல் வழியாகத் தங்கள் முதுகைத்தான் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பவுண்டர் அழுகிறார், உள்ளே யாருக்கோ ரொம்ப முடியவில்லை போல என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தச் சீக்கும் கிடையாது. பெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், வேண்டுமானால் ஏணியைக்கூட சைஃபிடம் பேசி அந்தப் பக்கம் மாற்றுகிறேன். பெரிய மனது பண்ணி இன்னொரு நாள் குறியுங்கள். மாப்பிள்ளை மாரிக்கண்ணனுக்கு என் அன்பும் ஆசியும். தங்கள் வீட்டம்மாவுக்கு ஆறுமுகத்தாயின் விசாரிப்புகள். தங்கள் வாசலுக்கு என் பிரத்யேக வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பிரம்மநாயகம்

பி.கு.: இன்று வியாழன். தபாலில் சேர்க்குமுன் கடிதத்தை ஸ்ரீதேவியிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் நானே வாசித்துக் காட்டினேன். இரண்டாவது பாராவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். "என்னய நாலு நிமிஷம் பாத்தவருக்கு நாலு பக்கம் லெட்டராப்பா? நீங்களும் ஒரு மாசமா வாசலத்தான பாத்தீங்க. நான் நல்லாருக்கேனான்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். அவள் சொன்னது நிஜம், கேட்கவேயில்லை. பிறகு கேட்டேன். "இந்தச் சம்பந்தம் வேண்டாம், கேன்சல் கரோ" என்றாள், ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

ஆறு மாதமாக இந்தப் பக்கம் இடம் தேடிக்கொண்டிருந்த டாக்டர் விஜயலக்ஷ்மி என்பவர் செவ்வாயன்று வந்து, பெஞ்சில் இருந்த கூட்டத்தைப் பார்த்து, சாயங்காலம் மட்டும் முன்னறையை வாடகைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். எனவே மேலே எழுதியது எதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதே என்றுதான் அனுப்புகிறேன். அப்படியும் வருவதாக இருந்தால் நேரம் ஆறிலிருந்து ஒன்பது, ஞாயிறு விடுமுறை. செருப்பை ஸ்டாண்டில் விட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு உட்காரவும்.