மாப்பிள்ளையின் கடல் கடிகாரம்

"அண்ணா, ரப்பரை அறுத்துட்டியா?"

"நான் எங்க அறுத்தேன்? அதுவா அறுந்துச்சு" என்றான் அந்தோணி பிரகாஷ். ஊசி முனையில் கறுப்பு ரப்பர் வளையம் அறுந்து தொங்கியது.

மேஜைமேல் பின்மூடி கழன்று கிடந்தது, தங்கை ஷைனிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை இனிகோவின் டைவ் கம்ப்யூட்டர். கடிகாரம்போல் கையில் கட்டுவது. கடலுக்குள் எவ்வளவு ஆழம் போனோம், எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்று சொல்லும். இனிகோவுக்கு அந்தமானில் டூரிஸ்டுகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலை.

"ஆயிரத்து இருநூறு தடவை இறங்கியிருக்கேன் மச்சான். மொத்தக் கணக்கும் இதுக்குள்ளதான் இருக்குது" என்று பெண் பார்க்க வந்த அன்றே காட்டினான். அன்றே அது செத்துத்தான் கிடந்தது. பேட்டரி போய்விட்டதாம். சென்னையில் கம்பெனி ஆள்தான் திறக்கவேண்டுமாம். வேறு யார் தொட்டாலும் தண்ணீர் புகுந்துவிடுமாம்.

ஏரியூரில் சப்மெர்சிபிள் மோட்டார் ரிப்பேர் செய்கிறவனிடம் போய் இப்படிச் சொல்லலாமா? ஐந்நூறு அடி போர்வெல்லில் மோட்டார் இறக்கியவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாப்பிடக் கை கழுவும்போது கழற்றி வைத்ததை மறந்துவிட்டு, இனிகோ, அந்தோணியின் அப்பா யாகப்பனோடு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போயிருந்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் இரண்டு வாரம் ஓலை வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது ஓலை. இந்த நேரத்தில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால்?

"அவரோட கணக்கெல்லாம் அழிஞ்சிருக்குமா பிள்ள?"

ஷைனி போனில் தேடினாள். "மணியும் தேதியும்தான் போவுமாம். எறங்குன கணக்கு அழியாதாம்."

பாதி உயிர் வந்தது. வீட்டு எடை மெஷினிலிருந்து உருவிய பேட்டரியைப் போட்டான். மோட்டார் டப்பாவைத் துழாவி வேறொரு வளையம் எடுத்தான். அது தடிமன், மூடி உட்காரவில்லை. கிரீஸ் தடவி ஸ்குரூ டிரைவரால் அழுத்தினான். வழுக்கிக்கொண்டு போய் மூடியில் நீளமாக ஒரு கோடு.

"ஐயோ மாதாவே!"

"கம்முனு இரு!"

'பீப்' என்றது. திரையில் எழுத்து வந்தது. ஷைனி கை தட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். சனி யாரை விட்டது?

"தண்ணி பூருமான்னு பாக்க வேணாமா? கெணத்துல வுட்டுப் பாக்காம எந்த மோட்டாரைக் குடுத்திருக்கேன்?"

நைலான் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினான். அடியில் போய் மோட்டார் பைப்பில் எங்கோ மாட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவினான். அதுவும் மாட்டிக்கொண்டது. சாலையில் அப்பாவின் டி.வி.எஸ். சத்தம்.

"வந்துட்டாங்கண்ணா!"

இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. விடுபட்டு மேலே பாய்ந்து வந்த கம்ப்யூட்டர், இத்தனை வேகமாக ஏறலாமா என்று வீல் வீலென்று கத்தத் தொடங்கியது. தோப்பெல்லாம் கேட்டது.

ஷைனி அதைப் பிடுங்கி, சத்தத்தை நிறுத்த ஒவ்வொரு பட்டனாக அமுக்கினாள். நிமிர்ந்தால் எதிரே இனிகோ. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்புதாங்க மாப்ள" என்றான் அந்தோணி. "புதுசே வாங்கித் தந்துடறேன். கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

"அதெல்லாம் பரவால்லங்க மச்சான். கோடு வுழுந்தா என்ன? மொதல்ல அந்த பேட்டரியைக் கழட்டுங்க. குடுங்க இப்படி!" இனிகோ எட்டிப் பிடுங்கப் பார்த்தான்.

"எவ்ளோ பெரிய மனசு பாரு" என்று யாகப்பன் கண்ணைத் துடைத்தார்.

கத்தல் நின்றிருந்தது. ஷைனி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க, இதுல மொத்தமே ஒரு தடவைதான் எறங்குனதா காட்டுது. ஆழம் ஆறு மீட்டர், நேரம் நாலு நிமிஷம். அது எங்க கெணறுங்க."