மிளகு இடித்த பீங்கான்

உலகத்தில் இருக்கிற அத்தனை பொருளையும் தட்டிப் பார்த்தே தெரிந்துகொண்ட மனிதர் எங்கள் பீங்கான்காரர் ஒருவர்தான். கரண்டு ஆபீஸ் லைன்மேன். பெயர் ஏதோ இருந்தது, யாருக்கும் தேவைப்படவில்லை. மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு முதல்முதலாகக் கரண்டு இழுக்க, மலைக்குக் கீழேயிருந்து வந்தவர்.

தூணைத் தட்டுவார், பலாப்பழத்தைத் தட்டுவார். ஒருநாள் என் வீட்டுக்காரர் முதுகையே தட்டிவிட்டு, "இது காஞ்ச மரமுங்க. என்ன சொன்னாலும் உள்ள போவாது" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உடனே என் பக்கம் திரும்பி, "நீங்க செம்புக் கம்பி அம்மிணி. காலைல உங்க காதுல போட்டா மத்தியானம் வாசலூர்பட்டி போய்ச் சேந்துரும்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

என் மாமியாருக்கு அவர் பேச்சென்றால் உயிர்.

"ஏஞ்சாமி, கம்பில ஓடற கரண்டு கம்பத்து வழியா எறங்கி ஓடிராதா?"

"அதுக்குத்தானுங்க ஆத்தா நடுவுல பீங்கான் வெக்கறது. செம்பு, அலுமினியம் கரண்ட விடும். பீங்கான், ரப்பர் விடாது. ரேடியோப் பொட்டிக்குள்ள ஒரு சில்லு இருக்குதுங்க, அது மட்டும் விடுன்னா விடும், நில்லுன்னா நிக்கும். இனிமே டிவி, போனு, கம்ப்யூட்டர் எல்லாம் அது ராஜ்ஜியந்தான்."

"எங்க ஊட்டுல அப்பிடி ஒருத்தருமில்ல" என்றார் மாமியார், நான் இருந்த திசையைப் பார்த்து.

திசையைத்தான் பார்ப்பார். கண்ணில் பூ விழுந்து, பார்வை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. முழுசாக மூடுவதற்குள் தன் வீட்டில் ஒரு பல்பு எரிவதைப் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்தார்.

கம்பமெல்லாம் நட்டாகிவிட்டது. கடைசிக் கம்பத்தில் வேலை நின்றது. ஒரு பீங்கான் குறைகிறது. அடுத்தது மழை முடிந்துதான் மலையேறும் என்றார்கள். வழியில் எங்கோ விழுந்திருக்கும் என்று பீங்கான்காரர் மூடுபனிக்குள் புதர் புதராகத் தேடினார். மேகமே சட்டை போட்டுக்கொண்டு நடப்பது போலிருக்கும்.

"குட மாதிரி, வெள்ளையா ஒண்ணு, பாத்தீங்களா அம்மிணி?"

"குடையெல்லாம் இங்க ஏதுங்க?" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் தொப்பலாக நனைந்து, தும்மிக்கொண்டே எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார். பாவமே என்று ரசத்துக்கு மிளகு இடிக்கப் போனேன். டிங். டிங். வெளியே தும்மல் நின்றது.

"அம்மிணி, இன்னொருக்கா இடிங்க."

இடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நாகஸ்வரம் கேட்கிறவர் மாதிரி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"விரிசலே இல்லீங்க" என்றார்.

அது ஒற்றையடிப் பாதைச் சேற்றில் நான் கண்டெடுத்த குட்டி உரல். நடுக்குழியில் ஒரு பிடி மிளகு அளவாக நிற்கும். அதன் பக்கவாட்டில் ஏதோ எழுத்து இருந்தது. படிப்பறியாத நான் அதைப் பூ என்றே நினைத்திருந்தேன். அவர் வாங்கிக் கவிழ்த்தார். குடை!

"செயிலுக்குப் போவணுங்களா?" என்றேன்.

"ரசத்த வெச்சுப்போட்டுப் போங்க" என்றார்.

கழுவினார், அனலில் காட்டினார், தட்டிக் கேட்டார், கம்பத்தில் ஏறினார். எவ்வளவு கழுவினால் என்ன, மிளகு விடுமா? உச்சியில் ஒரு தும்மல். கம்பமே ஆடியது. கீழேயிருந்து மாமியார், "நூறு!" என்றார். அடுத்ததற்கு, "எரநூறு!" ஐந்நூறு வயசு வாங்கிக்கொண்டுதான் மனிதர் இறங்கினார்.

சாயங்காலம் பல்பு எரிந்தது. வாசல் வழியே வந்த பனியெல்லாம் மஞ்சளாகி வீட்டுக்குள் மிதந்தது. மாமியார் பல்பைப் பார்க்கவில்லை. பீங்கான்காரரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உம்மூஞ்சி இப்பிடித்தானா கண்ணு? நல்ல மூஞ்சிதான்."

ஊரையே தட்டிப் பார்த்த மனிதர், அன்றைக்கு அசையாமல் நின்றார்.

மறுவருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. எங்கே இருக்கிறாரோ தெரியாது. பனி இறங்கும்போது அந்தக் கடைசிக் கம்பம் மெல்ல முனகும். அதைத் தாண்டிப் போகையில் நான் அண்ணாந்து பார்த்து, யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொள்வேன்: "நூறு."