கருந்துவரி ஆப்பிளும் மேலைக்குன்றத்துத் தேர்தலும்

மேலைக்குன்றம் என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. வருஷத்தில் பாதி பனியும் மீதி பனிக்கான ஏற்பாடுமாகக் கழிகிற மலைநாடு. அங்கே நெல் விளையாது, வாழை விளையாது. நம்பி நட்டால் விளைகிற மரம் ஒன்றுதான் இருந்தது. அது கருந்துவரி என்கிற ஆப்பிள்.

பார்வைக்கு லட்சணமான பழம் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், தோல் சொரசொரவென்றிருக்கும், பறித்தவுடன் கடித்தால் புளிப்பில் கண்ணை இறுக்க மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் குளிரோடு பழகிய மரம். நாலு நாள் வெயிலடித்தால் மற்ற மரங்கள் ஏமாந்து பூத்துவிடும். கருந்துவரி கடைசிப் பனி கொட்டி ஓயும்வரை மொட்டைத் திறக்காது. பழத்தைக் காய்ந்த புல்லில் பொதிந்து வைத்தால் குளிர்காலம் முழுக்கக் கெடாது. வைக்க வைக்கப் புளிப்பு இறங்கி இனிப்பு ஏறும். பனிமாதங்களில் அந்தச் சனங்களின் அடுப்பில் வெந்ததும் வயிற்றை நிறைத்ததும் அதுதான்.

தேர்தலும் அதை வைத்துத்தான் நடந்தது. பனி விழுமுன் வேட்பாளருக்கு ஒரு குழியாக வெட்டி, அடியில் காய்ந்த புல் பரப்பி, சுற்றிலும் படுதா கட்டுவார்கள். வீட்டுக்கு ஒருவர் உள்ளே போய், பிடித்தவர் குழியில் ஒரு பழத்தை வைத்துவிட்டு வருவார். பிறகு குழிகளை மூடி முத்திரை வைத்தால், பனி உருகிய பிறகுதான் திறப்பார்கள். கெடாமல் இருக்கிற பழத்தைத்தான் எண்ணுவார்கள். அரைமனதோடு போடுகிறவன் அடிபட்ட பழத்தைப் போடுவான், அது குளிர்காலத்தில் தானாகக் கழிந்துவிடும், முழுமனதோடு போட்டது மட்டும் மிஞ்சும் என்பது முன்னோர் கணக்கு. தலைமுறை தலைமுறையாக நல்ல பழம் எதுவும் குழியில் அழுகியதில்லை. அதனால் சனங்களுக்குக் குழியின்மேல் பெரிய பக்தி. தேர்தல் குழிக்குள் போனது கெடாது என்று அடித்துச் சொல்வார்கள்.

அந்த நாட்டை ஆண்டவருக்குப் பெருங்காவலர் என்று பட்டம். ஒருமுறை அவர் சமவெளிக்கு விருந்து போய், பொன்மகுடம் என்ற ஆப்பிளைத் தின்று வந்தார். குழந்தையின் தலையளவு, மஞ்சள் பட்டு மாதிரி தோல், தேன் தித்திப்பு. வீட்டுக்குப் பத்துக் கன்று இலவசம் என்று ஆணை பிறந்தது. மலைச்சரிவில் ஒரு சிறு கொல்லை வைத்திருந்த பவளாயியும் அவள் புருஷன் சடையப்பனும்கூட வரிசையில் நின்று வாங்கிவந்து நட்டார்கள். சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்?

கன்றுகள் மரமாகி முதல் வெயிலுக்கே பூத்துக் குலுங்கின. அடுத்து விழுந்த பனியில் அத்தனை பூவும் கருகி உதிர்ந்தது. மறு வருஷமும் அப்படியே. விளக்கம் சொல்ல ஊருக்கு வந்தார் பருவநலப் பேரதிகாரி திருவருட்செம்மல். கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தார்.

"பெருமக்களே! பொன்மகுடத்தில் குறை ஏதுமில்லை. முந்தைய ஆட்சியாளர்கள் விட்டுச்சென்ற குளிரே காரணம். ஆகவே இன்று முதல் மேலைக்குன்றம் ஒரு வெப்ப நாடு எனப் பெருங்காவலர் அறிவித்துள்ளார். குளிர் ஒழிக்கப்பட்டுவிட்டது. அது நிலவுவதாகக் கூறுவது தேசத்துக்கு இழைக்கும் அவதூறு."

கூட்டம் கைதட்டியது, கை விறைக்காமல் இருக்கவாவது. சடையப்பன் மட்டும் எழுந்து நின்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

"ஐயா, நீங்க சட்டம் போடுங்க, வேண்டாங்கல. ஆனா அந்த மரம் சட்டத்தைப் படிக்குமா? கருந்துவரி ஏன் பிந்திப் பூக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. இங்க குளிருது, அதான்."

அவனை அங்கிருந்தே கொண்டுபோனார்கள். தண்டனைக்குக் கால அளவு குறிக்கவில்லை. நாட்டில் குளிர் அடியோடு மறைந்ததை அவனே உணர்ந்து சொல்லும்வரை என்று தீர்ப்பில் இருந்தது.

அதன்பிறகு ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெப்ப நாட்டில் கம்பளிக்கு என்ன வேலை என்று கம்பளிகளை வாங்கிப்போனார்கள். கணப்பு மூட்டுவது அரசின் மேல் நம்பிக்கையின்மை என்றானது. கிழவர்கள் வாய்திறக்காமல் இருமிச் செத்தார்கள். இறப்புச் சான்றில் வெயில் தாக்கியதாக எழுதிக் கொடுத்தார்கள். கடைசியாக வந்தது மரங்களைப் பற்றிய ஆணை. குளிருக்கென்றே பிறந்த மரம் நிற்கும்வரை குளிர் இருப்பதாகத்தானே அர்த்தம்? கருந்துவரி ஒன்றுகூட நிற்கக் கூடாது.

பவளாயி வீட்டுக் கொல்லையில் ஆறு மரம். எல்லாம் சடையப்பன் கையால் ஒட்டுக் கட்டி வளர்த்தவை. திருவருட்செம்மல் அவள் வாசலுக்கே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மணி, தங்கள் கணவரின் கோப்பு என் பார்வையில்தான் உள்ளது. குடும்பத்தார் தாமாக முன்வந்து மரங்களை அகற்றினால், நன்னடத்தைக்கு அது நல்லதொரு சான்று."

"வெட்டிட்டா விட்டுருவீங்களாங்கய்யா?"

"பரிசீலிக்கப்படும்."

அந்த ஒரு சொல்லை நம்பி அவளே கோடாலியை எடுத்தாள். முதல் மரம் சாய்ந்தபோது அழுதாள். ஆறாவது மரத்துக்கு வரும்போது அழவும் தெம்பில்லை. புருஷன் வந்து திட்டினால் திட்டட்டும், திட்டுவதற்காவது வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பரிசீலனை நடந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. கொம்பையா என்ற ஆட்டுக்காரர் எதிர்த்து நின்றார். ஊர் ஊராகப் போய் அவர் பேசியது இரண்டே வார்த்தைதான்: "நான் வந்தா கணப்பு மூட்டலாம். உள்ள இருக்கிறவங்க வெளிய வருவாங்க." பவளாயிக்கு அது போதும். சமையற்கட்டில் நின்றபடியே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஓட்டுக்குப் பழம் வேண்டுமே? அதற்கும் ஆணை வந்தது. வீட்டுக்கொரு பொன்மகுடம், சமவெளியிலிருந்து வண்டியில் வரவழைத்து, அரசு இலவசமாகவே கொடுத்தது. எதிர்க்குழியில் வைத்தாலும் கேள்வி இல்லை என்றார்கள். இவ்வளவு தாராளமா என்று சனங்கள் வியந்து போனார்கள். கொம்பையாவும் மேடையில் அதைப் பாராட்டிப் பேசினார். படுதாவுக்குள் போன பவளாயி, பழத்தில் ஒரு கீறல்கூட இல்லையென்று திருப்பித் திருப்பிப் பார்த்து, கொம்பையா குழியில் பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தாள். குழியின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்ட தினுசிலேயே யார் ஜெயிக்கப் போகிறார் என்பது தெரிந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகவைக்கப் பழம் இல்லை, போர்த்தக் கம்பளி இல்லை. பவளாயி மரப்பட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். பனி உருகட்டும், குழி திறக்கட்டும் என்பதுதான் அவளைப் பிடித்து நிறுத்திய நினைப்பு.

பனி உருகியது. நாடே குழிகளைச் சுற்றித் திரண்டது. முதலில் கொம்பையா குழியைத் திறந்தார்கள். உள்ளே பழம் இல்லை. விளிம்புவரை பழுப்புக் கூழ் நிறைந்து, அதன்மேல் நுரை கட்டியிருந்தது. புளித்த வாடையில் முன்வரிசை மூக்கைப் பொத்தியது. பவளாயிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் ஓட்டைக் காப்பாற்றியது குழி இல்லை, பழம்தான். அது காய்த்த மரங்களைத் தன் கையாலேயே அல்லவா வெட்டிச் சாய்த்தாள்!

பெருங்காவலர் குழியையும் திறந்தார்கள். அதிலும் கூழ்தான், கொஞ்சம் குறைவாக. ஆனால் நடுவே காய்ந்த புல்லில் பொதிந்து ஒரு பழம் இருந்தது. சின்னது, கறுத்த சிவப்பு, சொரசொரத்த தோல், துளி கெடாமல்.

திருவருட்செம்மல் அதை இரண்டு விரலால் உயர்த்திக் காட்டினார். "செல்லத்தக்க மொத்த வாக்கு ஒன்று. அந்த ஒன்றும் பெருங்காவலருக்கே! எதிர்ப்பே இல்லாத வெற்றி!"

"ஐயா, அது கருந்துவரி!" என்று கத்தினாள் பவளாயி. "நாட்டுல ஒரு மரம்கூட விடலியே, இது எங்க காய்ச்சுது? அரண்மனைத் தோட்டத்துலயா?"

அதிகாரி அவளை வருத்தத்தோடு பார்த்தார். "அம்மணி, வாக்கு இரகசியமானது. எந்தத் தோட்டத்துப் பழம், யார் வைத்தது என்று விசாரிப்பது ஜனநாயகத்துக்கு அழகல்ல."

கூட்டம் முணுமுணுத்தது. விதி விதிதானே என்றார் ஒருவர். குழியில் மோசடி நடக்க வாய்ப்பே இல்லை, முத்திரை அப்படியே இருந்ததே என்றார் இன்னொருவர். உண்மையும் அதுதான், முத்திரையை யாரும் தொடவில்லை.

வெற்றிவிழாவை முன்னிட்டுக் கைதிகளைப் பார்க்க அனுமதித்தார்கள். பவளாயி மலையிறங்கிப் போனாள். கம்பிக்குப் பின்னால் சடையப்பன் பாதி உடம்பாக நின்றான். கண் மட்டும் பழையபடி துருதுருவென்றிருந்தது.

"என்ன ஆச்சு பவளாயி? கொம்பையா வந்துட்டாரா?"

"இல்லைங்க. தோத்துட்டாரு."

"எத்தனை ஓட்டுல?"

அவள் தலை குனிந்தாள். "ஒரு ஓட்டுல."

"ஒரே ஒரு ஓட்டா?" அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "அடி போடி, இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? இவ்வளவு நெருங்கி வந்துட்டோமே! அடுத்த தடவை நம்ம கொல்லையில இருந்து நல்ல பழமாப் பொறுக்கிக் கொண்டுபோய் வையி. ஜெயிச்சிடலாம்."

"சரிங்க" என்றாள் பவளாயி.