உத்தரத்தில் ஒரே ஒரு ஓட்டை

துளையர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. ஊட்டிக் குளிரில் இது நன்றாகத் தழைக்கும். இங்கே பழைய வீடுகளில் மரம் அதிகம். மரம் செங்கல்லைப்போல முரண்டு பிடிக்காது.

எப்படி அடையாளம் காண்பது? புது வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பார்கள்; இவர் சுவரைத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, "உம்" என்று தலையாட்டி, காதில் செருகிய பென்சிலைத் தொடாமல் கண்ணளவிலேயே இடம் குறித்து, "ஒரே ஒரு ஓட்டைதான்" என்பார். பிறகு அடுத்த ஓட்டை.

ஊட்டி பெர்ன்ஹில்லில் இருக்கும் என் தம்பி அருண்பிரசாத் இந்த இனத்தில் முதல் தரம். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் போடும் துளையில் வட்டம் பிசகாது. ஸ்கேல் வைத்தே பார்த்திருக்கிறேன்.

மச்சைத் தாங்கும் உத்தரத்தில் முதலில் டிவி கம்பிக்கு ஒன்று போட்டான். பிறகு இன்டர்நெட்டுக்கு, கீசர் குழாய்க்கு, அழைப்பு மணிக்கு, இன்னும் எதெதற்கோ. கம்பி கண்ணில் படக்கூடாதென்று எல்லாமே உத்தரத்தின் அடி ஓரத்தில், இரண்டங்குல இடைவெளியில், ஒரே வரிசையில் ஏழு. தூர நின்று பார்த்தால் புல்லாங்குழல். ஊதத்தான் ஆளில்லை.

அவன் மனைவி கோகிலவாணி மச்சில் தையல் வகுப்பு தொடங்க இருந்தாள். ஆறு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஆரம்பம். ஆறு மிஷினில் இரண்டை மேலே ஏற்றியதுமே தளம் தொட்டில்போல ஆடியது.

மரமென்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்றான் தம்பி. துளையர் எல்லோரும் சொல்வதுதான்.

"ஆடுறது மரமில்லீங்க, எம் பொழப்பு" என்றவள், தச்சர் அய்யாவுவுக்குப் போன் போட்டாள்.

அய்யாவு உத்தரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். நடு உயரத்தில் சின்னதாக, தள்ளித் தள்ளிப் போட்டிருந்தால் மரம் பொறுத்திருக்கும். பாரம் இழுக்கிற அடி ஓரத்தையல்லவா தின்றிருக்கிறீர்கள் என்றார்.

"ஏனுங்க தம்பி, கரையான்கூட கொஞ்சம் மிச்சம் உட்டு வெக்குமுங்களே?"

ஞாயிறு மாலைக்குள் கூடத்தின் நடுவே, டிவிக்கு நேர் எதிரில் ஒரு தூண் நின்றது. திங்கட்கிழமை மேலே ஆறு மிஷினும் ஓடின, தளம் அசையவில்லை. கீழே தம்பி கழுத்தைச் சாய்த்து டிவி பார்த்தான். செவ்வாய்க்கிழமை, தூணில் ஒரு சுவிட்ச் இருந்தால் தோதாக இருக்குமே என்றான். புதன்கிழமையிலிருந்து டிரில்லிங் மெஷின், மச்சில் கோகிலவாணியின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டுக் கம்பியெல்லாம் எதைத் துளைத்துக்கொண்டு போகிறதென்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். "இது ரொம்பச் சின்னதுதானே" என்று வாயில் வருகிறதா?

அய்யாவுவின் நம்பர் என்னிடம் இருக்கிறது.